மூன்றாம் அடிக்கும் நாலாம் அடிக்கும் நடுவே

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப் போவதில்லை. சுகம் என்று ஆரம்பிக்கிற கடிதத்தில் மூன்றாவது வரியில் ஏதாவது ஒரு சங்கடம் உட்கார்ந்திருக்கும் என்பது என் அனுபவம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வலது காதில் கொஞ்சம் இரைச்சல், கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. அவ்வளவுதான் நிலவரம். உன் கல்யாண அறிவிப்பாக மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் முதல் ஓலையைப் போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் வாசித்தாயிற்று. இந்த இருவருடைய விவாகத்துக்கு யாராவது தடை சொல்வதானால் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தியபோது, நான் ஆர்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை தடை தபாலில் வந்து சேர்ந்தது.

மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருக்கிறார். நீ சென்னையில் டைப் அடிக்கிற வேலை போக சினிமாவுக்கும் பாடப் போகிறாய் என்று அவர் காதில் விழுந்ததாம். பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம், சபையில் நாலு பேர் மதிக்கிற குடும்பம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அப்படி ஒன்றும் இல்லை, இனிமேலும் இருக்காது என்று பெண்ணைப் பெற்றவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் மூன்றாவது ஓலையை வாசிக்க விடுவாராம். அதற்கு இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. நாலு நாளாக அந்தக் கடிதம் என் காக்கிச் சட்டைப் பையில் இருக்கிறது. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதுக்கு இன்னா எழுதப் போற?" என்று மட்டும் கேட்டாள். அதிர்ச்சி அடையவே இல்லை. அவளுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன்.

நான் சந்தேகக்காரன் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டுமே. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருபது வருஷமாக பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் பார்க்கிறவன் வேறு எப்படி இருப்பான்? திருக்கழுக்குன்றத்தில் ஒரு அம்மாள், மடியில் இருந்த பையனுக்கு மூணு வயசுதான் என்று சாமி பேரில் சத்தியம் பண்ணினாள். நான் பையனிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். எழுபது வரைக்கும் ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அன்றைக்கு அதே பஸ்ஸில் இருந்தாய், அந்த அம்மாளுக்காக என்னிடம் சண்டை போட்டாய். எவன் தூங்குகிற மாதிரி நடிக்கிறான், எவள் முந்தானையில் டிக்கெட்டைத் தேடுகிற பாவனை பண்ணுகிறாள் என்று கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலைப் பண்ணிவிட்டு சினிமாப் பத்திரிகையை எடுத்துப் படித்தால், அம்மாடி, ஒரு பக்கத்துக்குக் கூட டிக்கெட் கிடையாது.

நீ சிரிப்பாய். ஆனால் யோசித்துப் பார். நடிகை ஒருத்தி காலையில் எழுந்ததும் பழைய சோறும் பச்சை மிளகாயும்தான் சாப்பிடுவாளாம். யார் பார்த்தது? ஒரு நடிகர் சண்டைக் காட்சியில் நிஜமாகவே இரண்டு பல்லை இழந்தாராம். அடுத்த பக்கத்திலேயே எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். நகைச்சுவை நடிகருக்கும் கதாநாயகனுக்கும் மனஸ்தாபம் என்று ஒரு வாரம், அவர்கள் இருவரும் உடன்பிறவாச் சகோதரர்கள் என்று அடுத்த வாரம். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதுகிறான், நடை காட்டிக் கொடுக்கிறது. இந்த நகைச்சுவை சமாசாரத்தையே நான் நம்புவதில்லை. நம் பக்கத்து டூரிங் கொட்டகை நடத்துகிற பாய் இருக்கிறாரே, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் கதையில் கை வைக்க மாட்டார், சிரிப்பு வருகிற ரீலைத்தான் அப்படியே பெட்டியில் போட்டு மூடுவார். ஒருத்தரும் கேட்பதில்லை. தனியாகப் படம் பிடித்து நடுவில் சொருகியது, உருவினாலும் தெரியவில்லை. அது மட்டுமா, பாயின் மச்சான் தரை டிக்கெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரிப்பைக் கிளப்புவார். அவர் ஊருக்குப் போயிருந்த வாரம் அதே படத்துக்கு ஜனம் கம்மென்று உட்கார்ந்திருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாட்டு விஷயத்தில் என் சந்தேகத்துக்கு வயசு எட்டு. மாமல்லபுரத்துக்கு முதல் தடவை ஷூட்டிங் வந்தார்களே, அப்போது உனக்குப் பதினாலு. நான் டியூட்டி முடிந்து கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பாறை மேல் ஒரு நடிகை. கீழே மணலில் ஒரு பெட்டியில் தட்டு சுற்றுகிறது, ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது. பாட்டுக்குத் தகுந்தபடி அந்த அம்மாள் வாயை அசைக்கிறாள். அவ்வளவுதான். அலைச் சத்தத்தில் பாட்டு கேட்காவிட்டால் "மறுபடியும்" என்பார்கள். ஒரே அரை அடிக்குப் பதினாலு தடவை வாயை அசைத்தாள், பாவம், வெயிலில் மூஞ்சி மாவு வழிந்தது. எனக்கு அவள் மேல் கோபமில்லை. அந்தத் தட்டில் இருக்கிறவள் எங்கே, அவள் பேர் என்ன என்று பக்கத்தில் நின்ற கம்பெனி ஆளைக் கேட்டேன். "யாரோ பாடினது சார், அது எதுக்கு உங்களுக்கு?" என்றான். அந்த யாரோ என்கிற சொல் எனக்கு ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்று உன்னிடம் நான் சொன்னதே கிடையாது. என் அக்கா, உன் பெரிய அத்தை, நீ பிறக்கும் முன்பே போய்விட்டாள். நாங்கள் அப்போது அடுத்தவன் நிலத்தில் நடவுக்குப் போகிற கூலிச் சனம். அக்கா வரிசையில் முதல் ஆளாக நின்று பாடுவாள். அந்தக் குரலைக் கேட்க நிலத்துக்காரர் பட்டணத்து விருந்தாளிகளை வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். இடுப்பு ஒடியக் குனிந்துகொண்டு அவள் பாட வேண்டும். முடிந்ததும் வெற்றிலை கொடுப்பார்கள். "எந்தப் பொண்ணு பாடுச்சு?" என்று ஒரு விருந்தாளி கேட்டார். நிலத்துக்காரர், "நம்ம ஆளுதான், யாரோ ஒருத்தி" என்றார். நான் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அவள் பேர் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

சரி, உன் மேல் வந்த சந்தேகத்தின் மூலத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் முன்னால் திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கிறது. நான் ஏறி டிக்கெட் பார்க்கிறேன். எதிரே காப்பிக் கடையில் ரிக்கார்டு போட்டான். புதுப் படத்துப் பாட்டு, சோகப் பாட்டு. எப்போதும்போல காதில் வாங்காமல்தான் இருந்தேன். பல்லவி போயிற்று. சரணத்தில் மூன்றாம் அடி முடிந்தது. நாலாம் அடி தொடங்க வேண்டிய இடத்தில் குரல் நின்றது. வாத்தியமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, குரல் மட்டும் ஒரு மூச்சு நேரம் நின்று, அப்புறம் எடுத்தது. எனக்கு வலது கால் தானாக அழுந்தியது. பஸ்ஸின் பலகைமேல், கண்ணு, இரண்டு மிதி மிதித்தேன். கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆள் பயந்துபோய், "இன்னா சார், டிக்கெட்டையே மொறைச்சிகினு நிக்கிறீரு? செல்லாதா?" என்றான். "செல்லும், செல்லும்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். மீதி டிக்கெட் ஒன்றையும் பார்க்கவில்லை.

நம் கோயில் ஆர்மோனியத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் என் சாட்சி. வெள்ளைக்காரப் போதகர் விட்டுப் போன கால் ஆர்மோனியம். கடல் காற்றில் துருத்தித் தோல் வெடித்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் மூன்றாம் அடி முடிவதற்குள் காற்று தீர்ந்துவிடும். வலது காலால் இரண்டு அழுத்து அழுத்தினால்தான் நாலாம் அடிக்குச் சத்தம் வரும். அதுவரைக்கும் சபை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு எனக்காக நிற்கும். எந்த ஞானப்பாட்டானாலும் அப்படித்தான். வெளியூர் போதகர் வந்தால் அவர் ஒருத்தர் மட்டும் முன்னால் ஓடிப் போய் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பார். குழந்தைகள் சிரிக்கும். செங்கல்பட்டில் பாடினாலும் சென்னையில் பாடினாலும் உலகத்தில் எவனும் அந்த இடத்தில் நிற்க மாட்டான். நம் ஊர்ச் சனம் மட்டும்தான் நிற்கும்.

அதற்கப்புறம் நான் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன். சபை மூப்பன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு. ஏழு நாள் தொடர்ந்து. ஏழாம் நாள் கொட்டகை பாய் கேட்டே விட்டார். "அண்ணாத்த, நீர் சினிமாவுக்குப் பரம விரோதியாச்சே. கதாநாயகி மேல கண்ணா?" எனக்கு வெட்கமாகப் போயிற்று. "சும்மா இருமய்யா, கண்ணை மூடிக்கினுதான் பார்க்கிறேன்" என்றேன். உண்மையும் அதுதான். எட்டாம் நாள் உன் அம்மாவைக் கூட்டிப் போனேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, பரீட்சை பார்க்கத்தான். அந்த இடம் வந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து, "இன்னாத்துக்கு அழுத?" என்றால், "படத்துல அவ புருஷன் செத்துட்டான்ல" என்கிறாள். புருஷன் சாகிறது இடைவேளைக்கு அப்புறம், பாட்டு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. இப்படி ஒரு பொய்யை என்னிடம் சொல்லுகிறாள் பார்.

போன வாரம் சலூனில் ஒரு சினிமாப் பத்திரிகை கிடந்தது. கேள்வி பதில் பகுதியில், அந்தப் பாட்டை நடிகை தன் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார் என்று போட்டிருக்கிறான். இன்னொரு பக்கத்தில் ஒரு விமரிசகர், சரணத்தில் வரும் அந்த மௌனம் இருக்கிறதே, அது சங்கீத டைரக்டரின் புதுமை, மேல்நாட்டு இசையை ஆழ்ந்து கற்றதன் பலன் என்று அரைப் பத்தி எழுதியிருக்கிறார். எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! கத்தி கன்னத்தில் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. மேல்நாட்டு இசையாம். கடல் காற்றில் வெடித்த துருத்தியம்மா அது, என் வலது கால்! சிரித்து முடித்ததும் எரிச்சல் வந்தது. தட்டில் நடிகை பேர், பத்திரிகையில் டைரக்டர் பேர், பாட்டுப் புத்தகத்தில் பாட்டு எழுதியவர் பேர். உன் பேர் எங்கே? மறுபடியும் யாரோ ஒருத்தி. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை.

இப்போது நான் பண்ணிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக அடைத்து வைத்திருக்கிறேன். அந்த ஷூட்டிங் நடந்த வாரம், பள்ளிக்கூடம் விட்டு நீ என் பஸ்ஸில் வந்தாய். வழியில் டயர் வெடித்தது. புளிய மரத்தடியில் எல்லோரும் இறங்கி நின்றோம். நீ சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞானப்பாட்டுப் பாடினாய். அதே பஸ்ஸில் வந்த சினிமாக் கம்பெனி பிடில்காரர் ஒருவரும் அங்கே நின்றிருந்தார், வெள்ளை ஜிப்பா, மெலிந்த ஆள். அவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினதையும், அப்புறம் நீ ஓடி வந்து, "இன்னா நைனா சொன்னாரு?" என்று கேட்டதையும் நீ மறந்திருக்க மாட்டாய். நான் என்ன சொன்னேன்? "கட்டைத் தொண்டையாம். கூட்டத்தோட பாடலாமாம், தனியா எடுத்தா நல்லா இருக்காதாம்" என்றேன். "அவரே சொன்னாரா?" என்றாய். "அவரே சொன்னாரு" என்றேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "குழந்தைக்கு அபூர்வமான சாரீரம் சார், வீணாக்கிடாதீங்க, ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க, நான் பொறுப்பு" என்று சொல்லி, எழுத வேறு காகிதம் இல்லாமல், தன் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் ஆயிரம் சந்தேகம். ஜிப்பா மேல் சந்தேகம், சிரிப்பு மேல் சந்தேகம். உன்னையும் வரப்பில் நாற்காலி போட்டுக் கேட்பார்கள் என்று பயம். பயத்தை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் உன் குரல் மேல் பழி போட்டேன். அடுத்த ஞாயிறு, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற நீ, பெண்கள் பாயில் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாய். அதற்கப்புறம் ஒரு நாளும் நீ தனியாகப் பாடவில்லை. எனக்குத் தெரியும் ஏன் என்று. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்து இறக்கி விடுகிற நான், எட்டு வருஷம் உன் முன்னால் டிக்கெட் இல்லாமல்தான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு, கண்ணு.

எப்படி, யார் மூலமாக நீ ஸ்டூடியோவுக்குப் போனாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் பரிசோதனை மாதிரி ஆகிவிடும். என்னிடம் ஏன் மறைத்தாய் என்றும் கேட்க மாட்டேன். கட்டைத் தொண்டை என்று சொன்னவனிடம் வந்து எப்படிச் சொல்வாய்? இந்தக் கவருக்குள் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று மதுராந்தகத்துக் கடிதம். இன்னொன்று அந்த டிக்கெட். நான் செல்லாத டிக்கெட்டைக் கூடக் கிழித்துப் போடுகிற ஆள் இல்லை, என் பாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. பின்பக்கம் பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

சம்பந்திக்கு நான் பதில் எழுதவில்லை. போன தடவை உனக்கு வந்ததை நான் வாங்கி, நானே பதில் சொல்லிவிட்டேன். அது போதும். இந்தத் தடவை நீயே எழுது. பாடினேன் என்று எழுது, பாடுவேன் என்று எழுது, அல்லது இனிமேல் பாடப் போவதில்லை என்றுதான் உன் மனசு சொன்னால் அதையும் எழுது. ஆனால் பாடவே இல்லை என்று மட்டும் எழுதாதே. சினிமாக்காரர்கள் யாரோ ஒருத்தி என்று சொல்லிவிட்டுப் போகட்டும், நீயும் சேர்ந்து சொல்லாதே. இன்னொன்று, அப்பா இப்படி ஒரு கடிதம் எழுதியது மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று எனக்குப் பலமான சந்தேகம். அந்தப் பையன் முகம் நல்ல முகம், பெண் பார்க்க வந்தபோது கழுத்தைப் பார்த்தேன், பொய்க் கழுத்தில்லை. அப்பாவுக்கு எழுதும் முன் அவனுக்கு எழுது. மூன்றாவது ஓலை வாசித்தாலும் சரி, வாசிக்காவிட்டாலும் சரி, அன்றைக்கு நான் ஆர்மோனியத்தில் உட்காருவேன். எவன் எப்படிப் பார்த்தாலும் உட்காருவேன். இனி ஸ்டூடியோவுக்குப் போனாயானால், பேரைப் போடு என்று கேள். ஒரு தடவை கேட்டால் முறைப்பார்கள். மறு தடவையும் கேள்.

உன் கல்யாணத்துக்காகத் துருத்திக்குப் புதுத் தோல் போட்டாயிற்று, அதையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் மேளம் கட்டுகிற ஆளைக் கூட்டி வந்து தைக்க வைத்தேன். போன ஞாயிறு காற்று முட்டிக்கொண்டு நின்றது. நான் குஷியில் மூன்றாம் அடியை முடித்துவிட்டு நிற்காமல் நாலாம் அடிக்குப் போய்விட்டேன். சபை வரவில்லை. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், நான் ஒருத்தன் மட்டும் முன்னால் ஓடிப் போய் முழிக்கிறேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆக எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. சலூனிலும் பஸ்ஸிலும் கொட்டகையிலும் உட்கார்ந்து யோசித்துவிட்டேன், தீரவில்லை. அதை மட்டும் நீ எனக்கு எழுது. சென்னையில், அந்தப் பெரிய ஸ்டூடியோவில், எல்லாம் புது வாத்தியமாகத்தானே இருந்திருக்கும். முப்பது நாற்பது பேர் வாசித்திருப்பார்கள், ஒருத்தருக்கும் காற்று குறைந்திருக்காது. மூன்றாம் அடி முடிந்ததும் அந்த இடத்தில் நீ யாருக்காக அம்மா நின்றாய்?

காத்திருக்கிறேன்.

உன் நைனா